இஎல்34-க்குப் பக்கத்தில் ஒரு 6எல்6

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. மாலையில் வேனிலிருந்து என் கிடார் ஆம்ப்ளிபயரை இறக்கி, பின்பக்கத்துக் கம்பி வலை வழியாக எட்டிப் பார்த்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. உள்ளே இருந்த இரண்டு இஎல்34 வால்வுகளில், அதாவது ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழல்களில், ஒன்றின் உச்சியில், வெள்ளிபோல் மின்ன வேண்டிய பூச்சு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. கெட்டர் எனப்படும் அந்தப் பூச்சு, வால்வுக்குள் மிஞ்சியிருக்கும் காற்றை இழுத்துக்கொள்வதற்காக வைக்கப்படுவது. அது வெளுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டது, வால்வின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஊருக்குள் திரும்பும் மண்பாதையில் வண்டி குலுங்கியபோது கண்ணாடியில் எங்கோ மயிரிழை விரிசல் விழுந்திருக்க வேண்டும்.

மாற்று வால்வு என்னிடம் இல்லை. அந்த ஊருக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தவர் பழைய காலத்து மைக் செட்காரர். இப்போது அவரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்தான் வைத்திருக்கிறார் என்றாலும், மரப்பெட்டியின் அடியில் துணி சுற்றிய வால்வுகள் இரண்டு மூன்று இருந்தன. அவற்றில் ஒன்று 6எல்6. அதே எட்டுக் கால், நடுவில் அதே முளை. சாக்கெட்டில் பிசகாமல் உட்கார்ந்தது. இஎல்34 ஒரு பக்கமும் 6எல்6 மறு பக்கமுமாக ஆம்ப்ளிபயரை ஏற்றினேன். கிடார் பேசியது. கூடவே அதுவரை இல்லாத ஓர் உறுமல், வாசிக்காமல் நிறுத்தினாலும் அடங்காத ஹம். ஜெனரேட்டர்தான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியால் என் முதுகைத் தொட்டுப் பின்னால் கைகாட்டினார். 6எல்6-இன் பிளேட்டில், அதாவது மின்னோட்டத்தை வாங்கும் சாம்பல் நிறத் தகட்டில், ஒரு பக்கம் அடுப்புக் கங்குபோலச் சிவந்திருந்தது. நான் ஸ்டாண்ட்பை சுவிட்சை எட்டுவதற்குள் பியூஸ் போய்விட்டது. ரெசிஸ்டர் கருகிய வாடை மேடை முழுவதும் பரவியது. மீதிக் கச்சேரிக்குக் கிடாரை நேராக மிக்சரில் செருகி வாசித்து முடித்தேன்.

மறுநாள் காலை ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லில் இருக்கும் என் ஆசானிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். திருவிழாக்களுக்கு மரக்கிளைகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து வால்வு ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பவர். நாங்கள் அவரை ஐயா என்றுதான் அழைப்போம். ஆம்ப்ளிபயரின் உலோகச் சட்டமான சேசிஸைத் திறப்பதற்கு முன்பே 6எல்6-ஐக் கையில் வாங்கிக் கண்ணாடியைத் தேய்த்து, மங்கிய எழுத்தைப் படித்தார்.

"இது ஜிபி தம்பி. பத்தொன்பது வாட் தாங்குகிற வால்வு. இதைப் போய் நானூற்றைம்பது வோல்ட்டில் நிறுத்தியிருக்கிறாயே."

6எல்6 என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தப் பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது. 1936-இல் ஆர்சிஏ நிறுவனம் அதை முதலில் கொண்டுவந்தபோது உலோக உறை போட்டிருந்தது. பின்னர் கண்ணாடி உறையில் ஜி, ஜிபி என்று வந்தவையும் அதே வலிமைதான்: பிளேட்டில் 360 வோல்ட், 19 வாட் வரை. பிறகு வந்த 6எல்6ஜிசி 500 வோல்ட், 30 வாட் வரை தாங்கும். கிடார் ஆம்ப்ளிபயர்க்காரர்கள் இன்று 6எல்6 என்று சொன்னால் ஜிசியைத்தான் சொல்கிறார்கள். பழைய மைக் செட் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் ஜி அல்லது ஜிபி. வாலில் உள்ள அந்த ஓர் எழுத்தைப் படிக்காததற்கு நான் கொடுத்த விலை ஒரு வால்வு, ஒரு பியூஸ், ஒரு ஸ்கிரீன் ரெசிஸ்டர். டிரான்ஸ்பார்மர் பிழைத்தது தெய்வச் செயல்.

"ஜிசி போட்டிருந்தால் சரியாக இருந்திருக்குமா ஐயா?" என்று கேட்டேன். "இதைவிடக் கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்திருக்கும்" என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினார். அன்று அவர் சொன்னதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன்.

இரண்டு வால்வு உள்ள ஐம்பது வாட் ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் புஷ்-புல் முறையில் இயங்குவது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்றின் இரு முனைகளில் இரண்டு வால்வுகள். நடுவிலிருந்து உயர் மின்னழுத்தம் உள்ளே வந்து இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. ஒரு வால்வு இழுக்கும்போது மற்றது விடும். சிக்னல் இல்லாமல் சும்மா நிற்கும்போது இரண்டும் ஒரே அளவு மின்னோட்டத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால், டிரான்ஸ்பார்மரின் இரும்புக்குள் காந்தம் மிஞ்சாமல் கழிந்துவிடும். பவர் சப்ளையில் எஞ்சியிருக்கும் அலையும் அதேபோல் இரு பக்கமும் சமமாக வந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். இந்தச் சமநிலையை நம்பித்தான் அந்தச் சப்ளையில் வடிகட்டும் கண்டன்சர்களை அளவாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் அந்த அலை அழியாமல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். மேடையில் நான் ஜெனரேட்டர் மீது பழி போட்ட உறுமல் அதுதான்.

"நுகத்தில் ஒரு பக்கம் புலிக்குளம் காளையையும் மறு பக்கம் எருமையையும் பூட்டினால் வண்டி நேராகப் போகுமா?" என்றார் ஐயா. மேலூரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் காளைக்கும் எருமைக்கும் வேறுபாடு எவ்வளவு என்பதை எண்களில் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

வால்வுக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைதான் கிரிட். சும்மா நிற்கும்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று நிர்ணயிக்க அதற்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தம் பயாஸ். என் ஆம்ப்ளிபயரில் இரண்டு வால்வுகளின் கிரிட்டுக்கும் ஒரே பயாஸ் மின்னழுத்தம் போகிறது. ஏறத்தாழ மைனஸ் 38 வோல்ட். 450 வோல்ட் பிளேட்டில் இஎல்34-க்கு அது பொருத்தமான அளவு. சும்மா நிற்கும்போது முப்பத்தைந்து மில்லி ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அதாவது 16 வாட் வெப்பம். இஎல்34-இன் வரம்பு 25 வாட் என்பதால் நிம்மதியாக இருக்கும். அதே மைனஸ் 38-ஐ 6எல்6-க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஐயாவின் பழைய அட்டவணையில் 6எல்6ஜிசிக்கு ஒரு வரி இருந்தது. பிளேட்டில் 450, ஸ்கிரீனில் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள இரண்டாவது கிரிட்) 400, கிரிட்டில் மைனஸ் 37 என்றால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 116 மில்லி ஆம்பியர். ஒன்றுக்கு 58. அதுவே 26 வாட். என் ஆம்ப்ளிபயரில் ஸ்கிரீன் மின்னழுத்தம் பிளேட்டை ஒட்டியே இருப்பதால் மின்னோட்டம் அதைவிடவும் ஏறும். 19 வாட் தாங்கும் ஜிபி அதில் சிவக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஆம்ப்ளிபயரில் 6எல்6-க்கு மைனஸ் 50-ஐ ஒட்டிய பயாஸ் வேண்டும். ஒரே குமிழில் இரண்டுக்கும் கொடுக்க வழியில்லை. குமிழை நடுவில் நிறுத்தினால் இஎல்34 பட்டினி கிடக்கும், 6எல்6 வெந்துகொண்டிருக்கும்.

பயாஸைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது என்ற ஏற்பாடு தேறாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதில் இஎல்34, 6எல்6-ஐப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இஎல்34 வோல்ட்டுக்குப் பதினொரு மில்லி ஆம்பியர், 6எல்6 ஐந்தோ ஆறோ. ஒரே அளவு சிக்னலைக் கொடுத்தால் அலையின் மேல்பாதி ஓங்கியும் கீழ்பாதி சூம்பியும் வரும். அந்தக் கோணல் ஒலியை விரும்பிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மரின் இரும்பில் மிஞ்சும் காந்தத்துக்கும் கனத்த தந்திகளின் ஒலி சிதைவதற்கும் அவர்கள் ஒப்புக்கொண்டே செய்கிறார்கள். கச்சேரிக்குப் போகும் ஆம்ப்ளிபயரில் நான் அதைச் செய்யமாட்டேன்.

இன்னொன்று, முதல் கால். இஎல்34 ஐந்து உறுப்புகள் கொண்ட பென்டோடு. அதன் மூன்றாவது கிரிட் முதல் காலில் வெளியே வருகிறது. அதை எட்டாவது காலான கேத்தோடுடன் (எலெக்ட்ரான்களை வெளியிடும் உறுப்பு) இணைத்தாக வேண்டும். 6எல்6-இன் கண்ணாடி வகைகளில் முதல் காலுக்கு உள்ளே இணைப்பில்லை. ஆகவே இஎல்34-க்கான சாக்கெட்டில் 6எல்6-ஐச் செருகினால் முதல் காலால் தொல்லை இல்லை. மறுதலையாகச் செய்தால் ஆபத்து. 6எல்6-க்காகக் கட்டிய பென்டர் ஆம்ப்ளிபயர்களில் சாக்கெட்டின் முதல் காலைச் சும்மா விடாமல், கிரிட்டுக்குப் போகும் ரெசிஸ்டரை முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தியிருப்பார்கள். அங்கே இஎல்34-ஐச் செருகினால் அதன் மூன்றாவது கிரிட் பயாஸ் மின்னழுத்தத்தில் போய் நிற்கும். சாக்கெட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் வால்வு வகையை மாற்றக்கூடாது என்று ஐயா சொல்வது இதனால்தான்.

வால்வை உள்ளே சூடாக்கும் ஹீட்டரின் கணக்கும் ஒரே திசையில்தான் சாதகம். 6.3 வோல்ட்டில் இஎல்34 ஒன்றரை ஆம்பியர் குடிக்கும், 6எல்6ஜிசி 0.9, 6வி6 என்ற சிறிய வால்வு அதிலும் பாதி. நான்கு 6எல்6-க்கு 3.6 ஆம்பியர் கொடுக்கும் பவர் டிரான்ஸ்பார்மரில் நான்கு இஎல்34 செருகினால் ஆறு ஆம்பியர் கேட்கும். மதுரைச் சித்திரை வெயிலில், பந்தலுக்குள், பின்பக்கம் மூடிய பெட்டியில் அந்த டிரான்ஸ்பார்மர் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஐம்பது வாட் ஆம்ப்ளிபயருக்குப் பொருத்தம் பார்த்த இரண்டு இஎல்34-ஐ வாங்கிப் போட்டோம். கருகிய ஸ்கிரீன் ரெசிஸ்டரை மாற்றியதோடு ஐயா நிற்கவில்லை. கிரிட்டுக்குச் சிக்னல் கொண்டுபோகும் கண்டன்சர்கள் இரண்டையும் கழற்றிக் கசிவு பார்த்தார். ஒன்றில் லேசான கசிவு. முந்தைய பெருக்கி நிலையின் நேர்மின்னழுத்தம் அதன் வழியாகக் கசிந்தால் மைனஸ் 38 மெல்ல மெல்ல மைனஸ் 30 ஆகிவிடும், நல்ல வால்வும் சிவக்கும். வால்வு சிவந்தால் வால்வை மட்டும் மாற்றிவிட்டு வருகிறவர்கள் அடுத்த மாதமே திரும்பி வருவது பெரும்பாலும் இதனால் என்றார்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் ஐயாவின் மேசைக்கு மேலே, நூலால் இரண்டிரண்டாகக் கட்டித் தகர டப்பாக்களில் அடுக்கியிருந்த வால்வுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் மில்லி ஆம்பியர் அளவு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் அவற்றில் நிறைய. மைக் செட் காலத்தில் ஒரு வால்வு போனால் ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கம் இருந்ததாகவும், அதுவும் ஒருவகைக் கலப்படம்தான் என்றும் சொன்னார். பத்து வருடம் உழைத்த 6எல்6-க்குப் பக்கத்தில் நேற்று வாங்கிய 6எல்6 நின்றால் பெயர் ஒன்று, மின்னோட்டம் வேறு. "வால்வு என்று எண்ணாதே, ஜோடி என்று எண்ணு" என்றார். அந்த ஒரு வாக்கியம் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது.

ஏனென்றால் ஜோடி என்று எண்ணத் தொடங்கியதும் வேறொரு கதவு திறந்தது. நான்கு வால்வு உள்ள நூறு வாட் ஆம்ப்ளிபயரில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. ஒரு ஜோடி இஎல்34, மறு ஜோடி 6எல்6ஜிசி என்று வைத்தால் டிரான்ஸ்பார்மரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இஎல்34-உம் ஒரு 6எல்6-உம் நிற்கும். இரு பக்கமும் சமம். நுகத்தின் இரு புறமும் காளையும் எருமையுமாக நான்கு மாடுகள். இது புதுமை அல்ல. அமெரிக்காவின் மேசா பூகி தன் சைமுல் கிளாஸ் ஆம்ப்ளிபயர்களில் வெளிப்பக்கச் சாக்கெட்டுகளில் இஎல்34-ஐயும் உள்பக்கத்தில் 6எல்6-ஐயும் வைக்கும்படியே வடிவமைத்தது. டிஎச்டி நிறுவனத்தின் பைவால்வ் என்ற ஆம்ப்ளிபயர் இரண்டு வேறு வகை வால்வுகளை அருகருகே செருகுவதற்காகவே கட்டப்பட்டது. இவற்றையெல்லாம் கட்டியவர்கள் கலப்பதற்கு ஏற்ற சுற்றை முதலில் கட்டிவிட்டுத்தான் பிறகு கலந்தார்கள்.

ஒரு தேவாலய இசைக்குழுவிடம் பயன்படாமல் கிடந்த நூறு வாட் ஆம்ப்ளிபயர் எனக்குக் கிடைத்தது. மார்ஷல் வகைச் சுற்று, நான்கு இஎல்34. ஐயாவிடம் என் ஆசையைச் சொன்னபோது இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் டவுன் ஹால் ரோட்டுக்கு என்னை அனுப்பினார், சாமான் பட்டியலோடு.

முதலில் எந்தச் சாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்தோம். இந்த வகைச் சுற்றில் இடமிருந்து ஒன்றும் இரண்டும் டிரான்ஸ்பார்மரின் ஒரு முனைக்கும், மூன்றும் நான்கும் மறு முனைக்கும் போகும். ஆகவே வெளிப்பக்கத்து ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, உள்பக்கத்து இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. இதைத் தவறாக எண்ணி ஒன்றிலும் இரண்டிலும் இஎல்34 வைத்தால் என் மேலூர்க் கதை இரட்டிப்பாக நடக்கும். எல்லா ஆம்ப்ளிபயரிலும் வரிசை இப்படித்தான் என்று நம்பவும் கூடாது. மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு சாக்கெட்டின் மூன்றாவது காலையும் மல்டிமீட்டரால் தொட்டு, டிரான்ஸ்பார்மரின் எந்தக் கம்பியோடு சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பயாஸைப் பிரிப்பது. வேலையின் முக்கால் பங்கு இதுதான். வழக்கமாக ஒரு பக்கத்து இரண்டு வால்வுகளுக்கும் ஒரே கண்டன்சர் வழியாகச் சிக்னல் போகும், ஒரே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பயாஸ் வரும். ஜோடிக்கு ஒரு பயாஸ் வேண்டுமென்றால் நான்கு கிரிட்டுக்கும் நான்கு கண்டன்சர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு பயாஸ் குமிழ். நான்கும் 220 கிலோ ஓம் என்றால் முந்தைய நிலைக்குத் தெரியும் சுமை பக்கத்துக்கு 110 ஆகக் குறைகிறது. அது தாங்கக்கூடிய சுமைதான். குமிழின் நடுக்கால் எப்போதாவது தொடர்பு விட்டுப்போனாலும் கிரிட் பயாஸை இழக்காதபடி குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டார் ஐயா. பயாஸ் இல்லாத வால்வு நொடிகளில் போய்விடும் என்பதால் இந்தக் காப்பு இல்லாமல் எந்தக் குமிழையும் அவர் பொருத்துவதில்லை.

நான்கு கேத்தோடுகளிலும் தரைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்தோம். அதன் குறுக்கே ஒரு மில்லி வோல்ட் வந்தால் வால்வில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று நேராகப் படிக்கலாம். ஸ்கிரீன் மின்னோட்டமும் இதில் சேர்ந்தே வருவதால் பிளேட்டின் பங்கு நாம் படிப்பதைவிடச் சற்றுக் குறைவு. பிழை பாதுகாப்பான பக்கம் விழுகிறது. வால்வுகளைக் கலக்க நினைக்கிற யாரும் இந்த நான்கு ரெசிஸ்டர்களைப் போடாமல் தொடங்கவே கூடாது. ஜோடிக்குள் யார் கூட இழுக்கிறார், யார் குறைய இழுக்கிறார் என்று காட்டுவது இவைதான், காதுக்கு அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இந்த வேலை முழுவதும் 460 வோல்ட்டின் அருகில் நடக்கிறது என்பதை மறக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் சப்ளைக் கண்டன்சர்கள் அந்த மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டிருக்கும். பெரிய வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதைத் தரைக்கு இறக்கி, மீட்டரில் சுழி பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். ஓடும் நிலையில் அளக்கும்போது ஐயா இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். ஐம்பது வருட அனுபவம் உள்ளவர் ஒருமுறைகூட அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்ளிபயரை ஓடவிடவும் கூடாது. இதுவரை சால்டரிங் பிடித்துப் பழகாதவர்கள் இந்த இடத்தில் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் போய்விடுவது உத்தமம்.

அளவுகளைச் சொல்கிறேன். பிளேட்டில் 460 வோல்ட். இஎல்34-இன் வரம்பான 25 வாட்டை 460-ஆல் வகுத்தால் 54 மில்லி ஆம்பியர். அதில் நூற்றுக்கு 65 பங்கு எடுத்து 35-இல் நிறுத்தினோம். 6எல்6ஜிசிக்கு 30 வாட், 65 மில்லி ஆம்பியர், அதில் 65 பங்கு, 42. பலரும் எழுபது வரை போகிறார்கள். நாங்கள் அதற்குக் கீழே நிற்பதற்குக் காரணம் நம் ஊர் மின்சாரம். திருவிழா ஜெனரேட்டரில் 230 வரவேண்டிய இடத்தில் 250 வந்து பார்த்திருக்கிறேன். அப்போது 460 என்பது 500 ஆகும், ஹீட்டரின் 6.3 என்பது 6.85 ஆகும். பத்து சதவீத வரம்பின் விளிம்பு அது. இப்போதெல்லாம் ஸ்டெபிலைசர் இல்லாமல் மேடைக்கு வருவதில்லை. மேடை ஏறியதும் கிடாரைச் சுருதி சேர்ப்பதற்கு முன் பிளக் பாயின்டில் வோல்ட்டேஜ் பார்ப்பேன்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பற்றி அதிகம் கவலைப்படத் தேவை இருக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் வால்வுகளுக்குக் காட்டும் சுமை, நான்கு இஎல்34-க்கு 1.7 கிலோ ஓம் வழக்கம், நான்கு 6எல்6-க்கு இரண்டை ஒட்டி. இடைவெளி சிறிது. 6வி6-ஐயும் இஎல்34-ஐயும் இப்படிக் கலக்க நினைத்தால் நிலைமை வேறு. 6வி6 ஒரு ஜோடிக்கே எட்டு கிலோ ஓம் கேட்கும், பன்னிரண்டு வாட்தான் தாங்கும். பிளேட்டிலும் ஸ்கிரீனிலும் 460 வோல்ட்டைப் பார்த்தால் மிரண்டுபோகும். அந்தக் கலவையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி ஒலி. திருநகரில் என் வீட்டில் மூன்று மாலைகள் இதற்காகவே செலவிட்டேன். நான்கும் இஎல்34 ஒரு நாள், நான்கும் 6எல்6 ஒரு நாள், கலவை ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் பயாஸைத் திருத்தி, அதே கிடார், அதே ஸ்பீக்கர், அதே நான்கு இசைத்துணுக்குகள். பதிவுசெய்து எங்கள் கீபோர்டுக்காரரிடம் கொடுத்தேன். மென்மையாக வாசித்த பதிவுகளில் எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஒலி வேறுபாடுதான் நோக்கம் என்றால் அந்தப் பணத்துக்கு வேறு ஸ்பீக்கர் வாங்குவது நல்லது, மாற்றம் உடனே காதில் விழும்.

ஒலியைக் கூட்டி, தந்தியை அழுத்தி அடித்தபோது கதை மாறியது. இஎல்34 மட்டும் நின்றபோது நடுச்சுருதிகள் முன்னால் வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று கரகரப்புக்குத் தாவின. 6எல்6 மட்டும் நின்றபோது அடித்தந்திகள் இறுக்கமாக, மேல்தந்திகள் மணிபோல. கரகரப்பு மிகத் தாமதமாக வந்தது. கலவையில் அந்த எல்லை ஒரு கோடாக இல்லாமல் ஒரு சரிவாக இருந்தது. விரல் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. எண்பதுகளின் பாடல்களில் பல்லவிக்கு முன் வரும் மெல்லிய அர்பெஜியோவிலிருந்து இடையிசையின் அடர்த்திக்கு, எந்தக் குமிழையும் தொடாமல் விரலாலேயே போய்வர முடிந்தது. கீபோர்டுக்காரரும் இந்தப் பதிவுகளில் கலவையைத் தவறாமல் கண்டுபிடித்துவிட்டார்.

காரணம் பயாஸ் எண்களிலேயே இருக்கிறது. இஎல்34 மைனஸ் 38-இல் நிற்கிறது. கிரிட்டுக்கு 38 வோல்ட் உச்சம் உள்ள சிக்னல் வந்ததும் அது முழு இழுப்பை எட்டிவிடும். 6எல்6-க்கு 50 வோல்ட் வரவேண்டும். ஆகவே சிக்னல் ஏற ஏற முதலில் ஒரு ஜோடி முட்டுகிறது, மற்றது இன்னும் இடம் வைத்திருக்கிறது. இஎல்34-இன் கிரிட் முட்டத் தொடங்கியதும் முந்தைய நிலையையும் கொஞ்சம் கீழே இழுப்பதால் 6எல்6-க்கு ஐம்பது வோல்ட் சுத்தமாக வந்து சேர்வதில்லை என்பதும் உண்மை. அந்த இழுபறியும் சேர்ந்துதான் அந்தச் சரிவு. மென்மையான ஒலியில் வேறுபாடு தெரியாததற்கும் விடை இங்கேதான். ஒரே சிக்னலுக்கு இரு மடங்கு வேலை செய்வது இஎல்34 என்பதால், அந்த நிலையில் நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

சிறிய மேடைகளில் நூறு வாட் தேவைப்படுவதில்லை. அப்போது ஒரு முழு ஜோடியைக் கழற்றி வைத்துவிடலாம். வெளிப்பக்கம் இரண்டும் அல்லது உள்பக்கம் இரண்டும், ஒருபோதும் ஒரே பக்கத்தவை அல்ல. மிச்சமுள்ள இரண்டு வால்வுக்கு டிரான்ஸ்பார்மர் இரு மடங்கு இம்பீடன்ஸ், அதாவது சுமைத் தடை, காட்ட வேண்டும் என்பதால், 16 ஓம் ஸ்பீக்கர் பெட்டியை வைத்துக்கொண்டு ஓம் தேர்வு சுவிட்சை எட்டில் நிறுத்துவேன். சுமை குறைவதால் பிளேட் மின்னழுத்தம் ஏறும். பயாஸை மறுபடியும் பார்த்தாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு 6எல்6 ஜோடி, திறந்தவெளிக்கு நான்கும் என்பது இப்போது என் வழக்கம்.

கேத்தோடு பயாஸ் உள்ள, அதாவது கேத்தோடில் ஒரு ரெசிஸ்டர் வைத்தே பயாஸ் பெறும், சிறிய ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்கள், தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வால்வு தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பார்கள். வால்வுக்கு ஒரு தனி ரெசிஸ்டர் இருந்தால் பெருமளவு உண்மை. ஆனால் பல ஆம்ப்ளிபயர்களில் இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர்தான் இருக்கும். அங்கே வேறு வேறு வால்வுகளைச் செருகினால் அதிகம் இழுப்பது இன்னும் அதிகம் இழுக்கும், மற்றது ஒடுங்கும். ஜோடிக் கணக்கு அங்கும் அதேதான்.

இரண்டு ஆடிகள் கடந்துவிட்டன. சேசிஸின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒவ்வொரு திருவிழாக் காலத்துக்கு முன்பும் நான்கு எண்களை எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதியது: ஒன்றில் 34, நான்கில் 35, இரண்டில் 43, மூன்றில் 37. இஎல்34-கள் அசையவில்லை. மூன்றாவது சாக்கெட்டின் 6எல்6 மூப்படைகிறது. மற்றொன்று நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் இரண்டையும் கழற்றி நூலால் கட்டி ஐயாவின் டப்பாவில் போட்டாயிற்று. புது ஜோடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பங்குனிக்குள் வந்துவிடும்.